நெருக்கத்தின் நாட்களில் கீழ்ப்படிதல்

பணமுடை வரும்போது விசுவாசம் சோதிக்கப்படும் என்று சபையில் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்தச் சோதனை எந்த இடத்தில் வந்து நிற்கும் என்பதை மட்டும் யாரும் சொன்னதாக நினைவில்லை. தேவன் தருவாரா, மாட்டாரா என்ற கேள்வியாகத்தான் அது வரும் என்று எண்ணியிருந்தேன். எங்கள் குடும்பம் நிலையான வருமானமின்றிக் கழித்த காலத்தில் அந்தக் கேள்வி பெரும்பாலும் இரவில்தான் எழுந்தது. பகலில் வந்தவை வேறு கேள்விகள். வாடகை தாமதமாகும் என்று வீட்டுக்காரரிடம் உள்ளபடி சொல்வதா, ஊரில் இல்லை என்று சாக்குச் சொல்வதா? கைக்கு வரும் வேலை நேர்மையானது இல்லையென்று தெரிந்தும் ஒப்புக்கொள்வதா? கர்த்தருக்கென்று எடுத்து வைத்ததில் கை வைப்பதா? இவற்றில் எதற்கும் தரிசனமோ தீர்க்கதரிசனமோ தேவைப்படவில்லை. பதில் முன்பே தெரியும். தெரிந்ததைச் செய்வதுதான் கடினமாக இருந்தது.

என் கணவர் பல ஆண்டுகள் உழைத்த நிறுவனம் அவர் இருந்த கிளையை மூடிவிட்டது. நான் சிறு வியாபாரிகளுக்கு வீட்டிலிருந்தே கணக்கெழுதிக் கொடுப்பவள். வியாபாரம் மந்தமானதால் என்னிடம் வேலை கொடுத்தவர்களும் குறைந்தார்கள். வாடகை, கடன் தவணை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் என்று மாதம் தவறாமல் வருபவை மட்டும் குறையவில்லை. இதைப் போன்ற நிலைமையைக் கடந்தவர்கள் பலர் இருப்பார்கள் என்பதால் விவரித்து நீட்ட விரும்பவில்லை.

அந்த நாட்களின் தொடக்கத்திலேயே நாங்கள் இருவரும் உட்கார்ந்து, எவ்வளவு நெருக்கடி வந்தாலும் எவற்றைச் செய்வதில்லை என்று பேசி ஒரு நோட்டில் எழுதிக்கொண்டோம். கடன் கொடுத்தவர்களிடம் பொய் சொல்வதில்லை, ஒருவருக்கொருவர் தெரியாமல் கடன் வாங்குவதில்லை, பொய்க் கணக்கு எழுதுவதில்லை என்பவையே அவற்றில் முக்கியமானவை. நெருக்கடி முற்றிய பிறகு எடுக்கும் முடிவுகளில் பயம் பாதிப் பங்கு கேட்கும். மனம் கொஞ்சம் தெளிவாக இருக்கும்போதே எல்லைகளைக் குறித்து வைத்துவிட்டால், பிறகு புதிதாக யோசிக்க வேண்டிய சுமை இல்லை. இதே நிலைமையில் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்லக்கூடியது இதுதான்.

எழுதி வைத்தது நல்லதாகப் போயிற்று. ஆண்டுக் கணக்கு முடிக்கும் சமயத்தில், எங்கள் நிலைமையைக் கேள்விப்பட்ட ஒருவர் வீடு தேடி வந்தார். நல்ல மனிதர், இன்றும் அவரை அப்படித்தான் நினைக்கிறேன். அவர் வங்கிக் கடனுக்கு விண்ணப்பிக்க இருந்தார்; கையிருப்புச் சரக்கு அதிகமாகத் தெரிந்தால் கடன் எளிதில் கிடைக்கும். அவர் மேசையில் வைத்த ஸ்டாக் பட்டியலில் சரக்குகளின் பெயரும் விலையும் அச்சாகியிருந்தன. எண்ணிக்கைக்கான பத்தி மட்டும் பென்சிலால் நிரப்பப்பட்டு, சில இடங்களில் அழித்துத் திருத்திய தடத்தோடு இருந்தது. மொத்தம் எவ்வளவு வர வேண்டும் என்பதைக் கீழே முதலில் குறித்துக்கொண்டு, அதற்கேற்ப மேலே எண்ணிக்கையை ஏற்றியிருக்கிறார் என்பது கணக்குத் தெரிந்த எவருக்கும் பார்த்தவுடன் புரியும். “நீங்கள் கையெழுத்துப் போட வேண்டாம் அம்மா. கணக்கோடு ஒத்துப்போகிற மாதிரி சரிக்கட்டிக் கொடுத்தால் போதும். எல்லாரும் செய்வதுதானே? உங்களுக்கும் இந்த நேரத்தில் உதவியாக இருக்கும்” என்றார். அவர் சொன்ன தொகை எங்கள் வாடகைப் பாக்கி முழுவதையும் தீர்த்துவிடக்கூடியது.

அன்று காலையில்தான் அந்த வாடகைக்காக ஜெபித்திருந்தோம். ஜெபித்த நாளிலேயே வேலை வாசலுக்கு வருகிறதே, இது பதிலாக இருக்கலாமே என்ற எண்ணம் எனக்குள் ஓடியது. தேவைக் காலத்தில் மிகவும் வழுக்கலான இடம் இதுவென்று நினைக்கிறேன். வழி திறந்திருக்கிறது என்பதாலேயே அதைத் தேவன் திறந்தார் என்று ஆகிவிடாது. தேவன் போகச் சொன்ன இடத்துக்குப் போகாமல் தர்ஷீசுக்கு ஓடிப்போக நினைத்த தீர்க்கதரிசி யோனாவுக்கும் யோப்பாவில் கப்பல் ஆயத்தமாகத்தான் இருந்தது. கூலி கொடுக்கக் கையில் பணமும் இருந்தது. சூழ்நிலை இணங்கி வருவதை அடையாளமாகக் கொள்வதற்கு முன், அந்தக் காரியத்தைப் பற்றி வேதம் ஏற்கெனவே பேசியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். நிறையிலும் அளவிலும் அநியாயம் செய்யக்கூடாது என்பது லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில் தெளிவாக இருக்கிறது. இல்லாத சரக்கை இருப்பதாகக் காட்டும் பட்டியலும் கள்ளத்தராசுதான். அப்படிப் பேசப்பட்ட ஒன்றுக்காக மீண்டும் உபவாசமிருந்து சித்தம் கேட்பது, பக்தியின் பெயரில் காலம் தாழ்த்துவதாகவே எனக்குத் தோன்றுகிறது.

என்னால் அதைச் செய்ய இயலாது என்றும், உண்மையான எண்ணிக்கையை வைத்து ஆண்டுக் கணக்கை முடித்துத் தருகிறேன், வங்கிக்கு விளக்கக் கடிதம் வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன் என்றும் அவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனார். அதன் பிறகு வரவில்லை. இப்படிப்பட்ட மறுப்பை அன்றே, அந்த இடத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. நாளை சொல்கிறேன் என்று ஒத்திவைத்தால், இரவுக்குள் மனம் நூறு நியாயங்களைத் தேடி வைத்துவிடும். மறுக்கும்போது நேர்மையாகச் செய்யக்கூடிய ஒன்றை முன்வைப்பதும் நல்லது. எதிரில் இருப்பவரைக் குற்றவாளியாக நிறுத்தாமல் விலக அது இடம் தருகிறது.

இந்த இடத்தில் இஸ்ரவேலின் முதல் ராஜாவான சவுலின் கதை எனக்கு முன்பைவிடக் கூர்மையாகப் புரிந்தது. 1 சாமுவேல் 13ஆம் அதிகாரத்தில், பெலிஸ்தர் திரளாகக் கூடிவிட்டார்கள், சவுலோடிருந்த ஜனங்கள் குகைகளிலும் கன்மலைகளிலும் ஒளிந்துகொள்ளுகிறார்கள், மீதமிருந்தவர்களும் சிதறிப்போகிறார்கள். தான் வந்து பலியிடும்வரை காத்திருக்கும்படி தீர்க்கதரிசி சாமுவேல் குறித்த ஏழு நாட்கள் வரை சவுல் கில்காலில் காத்திருந்தான். அதற்குமேல் பொறுக்காமல் தானே சர்வாங்க தகனபலியைச் செலுத்தினான். செலுத்தி முடித்த அந்த வேளையிலேயே சாமுவேல் வந்தார். சவுல் செய்தது விக்கிரக ஆராதனை இல்லை. கர்த்தருக்குத்தான் பலியிட்டான், கர்த்தருடைய தயவைத் தேடித்தான் செய்ததாகச் சொல்லிக்கொண்டான். கட்டளையை மீறுவது ஆராதனையின் உடையிலேயே வரக்கூடும் என்பதும், காத்திருத்தலின் கடைசிப் பகுதிதான் மிகவும் பாரமானது என்பதும் அந்த அதிகாரத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. அவனுடைய பதற்றத்தை இப்போது என்னால் இகழ முடியவில்லை. ஆட்கள் குறைந்துகொண்டே போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது எளிதில்லை.

இனி, சாட்சி சொல்லும் கூட்டங்களில் அதிகம் பேசப்படாத பகுதிக்கு வருகிறேன். அந்த வேலையை மறுத்த பிறகு எதுவும் நடக்கவில்லை. மறுநாள் தொலைபேசி அழைப்பு வரவில்லை; வாசலில் பண உறை கிடக்கவில்லை; வாடகைப் பாக்கி இன்னும் ஒரு மாதம் கூடியது. கீழ்ப்படிந்தேன், உடனே பெற்றுக்கொண்டேன் என்ற வரிசையில் வரும் சாட்சிகளை நான் பொய்யென்று சொல்லவில்லை. அவை மட்டுமே திரும்பத் திரும்பச் சொல்லப்படும்போது, பெற்றுக்கொள்ளாதவர் தன் கீழ்ப்படிதலில் ஏதோ குறை இருக்கிறது என்று எண்ணி உள்ளுக்குள் நொறுங்குகிறார் என்பதைத்தான் சொல்கிறேன். பஞ்ச காலத்தில் தீர்க்கதரிசி எலியா கேரீத் ஆற்றண்டைக்குப் போனது தேவன் சொல்லித்தான். ஆனாலும் தேசத்தில் மழை பெய்யாததினால் அந்த ஆறு வற்றியது. வற்றிய பிறகுதான் சாறிபாத்துக்குப் போ, அங்கே ஒரு விதவை உன்னைப் போஷிப்பாள் என்ற அடுத்த வார்த்தை வந்தது. சாறிபாத்திலும், பானையில் மாவும் கலசத்தில் எண்ணெயும் குறையாமல் இருந்த அதே வீட்டில், அதே 1 இராஜாக்கள் 17ஆம் அதிகாரம் முடிவதற்குள் விதவையின் மகன் நோயுற்று இறந்துபோகிறான். எலியா ஜெபித்த பின்னரே உயிர் பெறுகிறான். போஷிக்கப்பட்ட வீட்டுக்குள்ளும் வேறொரு துன்பம் நுழையலாம் என்பதை வேதம் மறைக்கவில்லை.

அதுபோலவே, கொடுத்தால் நூறத்தனையாகத் திரும்பும் என்று சொல்லி, இல்லாதவரிடமிருந்து காணிக்கை வாங்கும் பிரசங்கத்தை நான் ஏற்பதில்லை. ஈசாக்கு நூறு மடங்கு அறுத்தது மெய்தான். ஆனால் ஆதியாகமம் 26ஐ முழுவதும் வாசித்தால் காட்சி வேறாகத் தெரிகிறது. பஞ்ச காலத்தில் எகிப்துக்குப் போகாதே என்ற சொல்லுக்கு இணங்கி அவன் கேராரில் தங்கினான். அங்கே நிலத்தில் விதை விதைத்தான், அறுத்தான். அறுத்ததன் பலனாகப் பொறாமை வந்தது. பெலிஸ்தர் அவன் தகப்பன் காலத்துத் துரவுகளை, அதாவது கிணறுகளை, மண்ணால் தூர்த்துப்போட்டார்கள். அவன் இடம் மாறினான். வெட்டிய துரவுகளுக்காக வாக்குவாதம் வந்தபோதெல்லாம் விட்டுக்கொடுத்து, வேறு துரவு வெட்டினான். அதே அதிகாரத்தில், பயத்தினால் தன் மனைவியைச் சகோதரி என்று பொய்யும் சொல்கிறான் என்பது கவனிக்க வேண்டியது: பெரிய காரியத்தில் கீழ்ப்படிந்த மனிதன் அன்றாடப் பயத்தில் இடறுகிறான். நூறு மடங்கை மட்டும் அறுத்தெடுத்துக்கொண்டு, விதைப்பையும் துரவுகளையும் விட்டுவிடுவது அந்த அதிகாரத்துக்குச் செய்யும் நியாயம் இல்லை.

காணிக்கை பற்றி எங்கள் வீட்டில் எடுத்த முடிவு எளிமையானது. வந்த வருமானத்தில் தசமபாகத்தை எடுத்து வைத்தோம். வருமானம் சிறுத்தபோது அதுவும் சிறுத்தது. கடன் வாங்கிய பணத்திலிருந்து எடுக்கவில்லை. அது இன்னொருவருடைய பணம் என்பதே எங்கள் எண்ணம். தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதை, கொர்பான் என்று தேவனுக்கு நேர்ந்துவிட்டதாகச் சொல்லித் தவிர்த்தவர்களை இயேசு கண்டித்ததை மாற்கு 7ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். வேறொருவருக்குச் சேர வேண்டியதைக் கொண்டு தேவனுக்குக் கொடுப்பது கீழ்ப்படிதல் ஆகாது. மற்ற குடும்பங்கள் இதில் வேறுவிதமாகத் தீர்மானிக்கலாம்; அவர்களோடு வாதாட எனக்கு விருப்பமில்லை.

அன்றாட நடப்பில் எங்களுக்கு மிகவும் கைகொடுத்தது, வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து வந்த உணவான மன்னாவின் ஒழுங்கு. யாத்திராகமம் 16இன்படி, இஸ்ரவேலர் அன்றன்றைக்கு வேண்டியதை, ஆளுக்கு ஒரு ஓமர் வீதம் சேர்த்தார்கள். விடியற்காலம்வரை வைத்தது பூச்சி பிடித்து நாற்றமெடுத்தது. ஆறாம் நாளில் மட்டும் இரட்டிப்பாகச் சேர்த்தது கெடவில்லை. கணக்கெழுதுகிறவள் என்பதால் இதை நோட்டில் செயல்படுத்திப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் இன்று கட்டாயம் செய்ய வேண்டிய செலவு, எதிர்ப் பக்கத்தில் இந்த மாதம் முடிவதற்குள் தீர்க்க வேண்டியது, கடைசிப் பக்கங்களில் நடக்கக்கூடும் என்று நாங்கள் பயப்பட்டவை. எழுதிப் பார்த்தபோது, இரவில் நெஞ்சை அழுத்தியவற்றில் பெரும்பகுதி கடைசிப் பக்கங்களைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. இன்றைய பக்கத்தில் இருந்தவற்றுக்காகப் பெயர் சொல்லி ஜெபித்தோம். அவற்றுக்காகவே அன்று உழைத்தோம். மன்னா வானத்திலிருந்து வந்தாலும், ஜனங்கள் காலையில் வெளியே போய், வெயில் ஏறி அது உருகிப்போவதற்குள் குனிந்து பொறுக்க வேண்டியிருந்தது. ஆகவே ஜெபித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பதை விசுவாசம் என்று நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. என் கணவர் தன் படிப்புக்கும் அனுபவத்துக்கும் குறைவான வேலைகளுக்கும் விண்ணப்பித்தார், இடையில் கிடைத்த தற்காலிக வேலைகளையும் செய்தார்.

கடன் கொடுத்தவர்களிடம் கெடு தேதிக்கு முன்பே போய்ப் பேசுவது நாங்கள் வைத்துக்கொண்ட இன்னொரு ஒழுங்கு. கட்ட முடியாத மாதத்தில் தொலைபேசியை எடுக்காமல் இருப்பதும் ஒருவகைப் பொய் என்று என் கணவர் சொல்வார். வீட்டுக்காரரிடம் எவ்வளவு இப்போது கொடுக்க முடியும், மீதி எப்போது என்று சொன்னோம். சொன்ன தேதியில் சிறு தொகையாவது கொண்டுபோய்க் கொடுத்தோம். அவருக்கு அது பிடித்தது என்று சொல்ல முடியாது. ஆனால் எங்கள் சொல்லை நம்பினார்.

நம் தேவையை மனிதரிடம் சொல்லலாமா, தேவனிடம் மட்டும்தான் சொல்ல வேண்டுமா என்ற கேள்வியும் எங்களுக்கு எழுந்தது. இந்த விஷயத்தில் பலரும் நினைவுகூர்வது ஜார்ஜ் முல்லரை. பிரஷ்யாவில் 1805இல் பிறந்து, இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 1836இல் அநாதை இல்லம் தொடங்கி, 1898இல் இறக்கும்வரை 10,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பராமரிக்க வழிசெய்தவர் அவர். யாரிடமும் பணம் கேட்பதில்லை என்பது அவர் வகுத்துக்கொண்ட விதி. 1841இன் இறுதியில் இல்லத்தில் கையிருப்பு மிகவும் குறைந்திருந்தபோது, வழக்கமான ஆண்டறிக்கையையும் பொதுக்கூட்டத்தையும் அவர் தள்ளிவைத்தார். நிலைமையை வெளியிடுவதே மறைமுகமாகக் கேட்பதாகிவிடும் என்று கருதினார். எனக்கு அவரிடம் அதைவிடப் பிடித்தது அவருடைய கணக்கு. வந்த காணிக்கைகளைப் பதிவுசெய்து, வரவையும் செலவையும் அறிக்கையாக வெளியிட்டார். கடன் வாங்குவதில்லை என்றும் உறுதியாக இருந்தார். விசுவாசத்தால் நடத்தப்படும் ஊழியத்துக்குக் கணக்கு எதற்கு என்று கேட்பவர்கள் அவருடைய இந்தப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். எனினும் முல்லருடைய விதி எல்லாருக்குமான கட்டளை இல்லை. எருசலேமின் பரிசுத்தவான்களுடைய குறைச்சலைப் பவுல் கொரிந்து சபைக்கு வெளிப்படையாக எழுதினார். அந்தப் பணத்தைக் கொண்டுபோவதில் யாரும் குற்றம் சொல்லாதபடிக்கு ஆட்களையும் நியமித்தார். ஆகவே, கேட்டவர்களிடம் உண்மையைச் சொன்னோம். கேட்காதவர்களிடம் போய்ப் புலம்பவில்லை.

உதவி வந்தபோது, நான் விரும்பாத திசையிலிருந்து வந்தது. என் நாத்தனாருக்கும் எனக்கும் பழைய மனத்தாங்கல் ஒன்று இருந்தது. விசேஷங்களில் பார்த்தால் சிரித்துக்கொள்வதோடு சரி. அவர் ஒரு நாள் வந்து, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கான தொகையை மேசையில் வைத்து, “அண்ணி, இதைக் கடனாக நினைக்காதீர்கள். அண்ணனிடம் கொடுத்தால் வாங்கமாட்டார், அதனால்தான் உங்களிடம் கொடுக்கிறேன்” என்றார். அந்த ஸ்டாக் பட்டியலை மறுத்ததைவிட அந்த உறையை வாங்குவது எனக்குக் கடினமாக இருந்தது. எலியாவுக்கு அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்த காகங்கள், லேவியராகமம் 11இன்படி அசுத்தமான பறவைகள். அவனைப் போஷித்த விதவை சீதோன் நாட்டவள், அதாவது அவன் எதிர்த்து நின்ற ராணி யேசபேலின் நாட்டவள். யார் மூலமாக அனுப்புவது என்பதைத் தேவன் எலியாவிடம் கலந்து பேசவில்லை. வாங்கிக்கொள்வதும் கீழ்ப்படிதலில் சேரும் என்று அன்றுதான் உணர்ந்தேன்; வாங்கியதோடு, அந்தப் பழைய மனத்தாங்கலைப் பற்றி அவரிடம் பேசவும் வேண்டியிருந்தது, பேசினேன்.

ஜெபத்தைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. நெருக்கடியில் நீண்ட ஜெபங்கள் எங்களுக்கு வரவில்லை. சில இரவுகளில் ஒருவர்மேல் ஒருவருக்கு இருந்த எரிச்சலோடுதான் முழங்காலில் நின்றோம். 1 இராஜாக்கள் 19இல் சூரைச்செடியின்கீழ் சாகவேண்டும் என்று கேட்ட எலியாவுக்குத் தூதன் பிரசங்கம் செய்யவில்லை. எழுந்து சாப்பிடு என்றான், மறுபடியும் உறங்கவிட்டான். களைத்த உடம்போடு எடுக்கும் ஆவிக்குரிய தீர்மானங்களை நான் சந்தேகிக்கக் கற்றதும், பெரிய பேச்சுகளைக் காலைக்குத் தள்ளிவைத்ததும் அதிலிருந்துதான். மனச்சோர்வு நாட்கணக்கில் நீடித்தால் மருத்துவரையும் பார்க்க வேண்டும். அதை விசுவாசக் குறைவு என்று சொல்பவர்களுக்குச் செவிகொடுக்க வேண்டாம்.

பல மாதங்கள் கழித்து என் கணவருக்கு முந்தைய சம்பளத்தைவிடக் குறைந்த சம்பளத்தில் வேலை கிடைத்தது. முதல் சம்பளம் வந்தபோது வீட்டில் எல்லாருக்கும் ஏதாவது வாங்க வேண்டும் என்ற ஆசை இருந்தது, அது இயல்புதான். ஆனால் 2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்தில், கடன்காரன் தன் பிள்ளைகளை அடிமைகளாக்கிக்கொள்ள வந்ததாக முறையிட்ட விதவைக்கு எண்ணெய் பெருகிய பின், எலிசா சொன்ன வரிசை ஒன்று இருக்கிறது: எண்ணெயை விற்க வேண்டும், கடனைத் தீர்க்க வேண்டும், மீந்ததைக் கொண்டு அவளும் பிள்ளைகளும் ஜீவனம்பண்ண வேண்டும். எண்ணெய் பெருகியது அற்புதம். அதை விற்றுக் கடனை அடைக்கும் வேலை அவளுடையது. அந்த வரிசையையே நாங்களும் எடுத்துக்கொண்டோம். வாடகைப் பாக்கியை முதலில் முடித்தோம். வங்கியில் பேசித் தவணைக் காலத்தை நீட்டிக்கொண்டதால் வட்டி கூடுதலாகப் போகிறது. அது தெரிந்தே செய்தது. நாத்தனார் கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவர் வாங்க மறுத்தார், வற்புறுத்தவில்லை. வங்கிக் கடன் இன்னும் முடியவில்லை. கெடு தேதிக்கு முந்தின நாளே தவணையைக் கட்டிவிடுகிறோம்.